பயத்துக்கு நடுவில் ஒரு வேலை: சர்வைவல் ஹாரர் கேம்கள் பற்றி எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடும் தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், மணிக்கணக்கில் கேம் விடும் கடை வைத்திருக்கிறேன். நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், ஓரமாக இரண்டு கம்ப்யூட்டர், வயசான ஒரு இன்வெர்ட்டர். கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் ஓடுகிற மூன்று டிவிகள்தான் வாடகை கட்டுகின்றன. மூலையில் இருக்கும் நாலாவதுக்குப் பெயரே ‘பேய் டிவி’. அதில் ஆடுகிறவர்களும், எட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிவிடுகிறவர்களும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அதற்காகத்தான் இது.

சர்வைவல் ஹாரர் என்றால் பேய் கேம்தானே?

பேய் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். ஜோம்பி, வேற்றுக்கிரகப் பிராணி, பெரிய கத்தரிக்கோலோடு துரத்துகிற ஆள் என்று எது வேண்டுமானாலும் வரலாம். கையில் எல்லாமே கொஞ்சம்தான் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். நாலு தோட்டா, ஒரு மருந்து, பாதி தீர்ந்த டார்ச். எதிரே வருவதையெல்லாம் ஒழித்துக்கட்ட அது போதாது. அதனால் சுடுவதா, சுற்றிக்கொண்டு போவதா, ஒளிவதா, ஓடுவதா என்று ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தப் பெயர் பரவியது 1996இல், ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ரெசிடென்ட் ஈவில் கேமை வெளியிட்டபோது. அவர்கள் ஊரில் அதற்கு பயோஹசார்டு என்று பெயர். ஆனால் விதை முன்பே விழுந்துவிட்டது. அதே கேப்காம் 1989இல் செய்த ஸ்வீட் ஹோமைப் புதுசாக்கும் வேலையாகத்தான் ரெசிடென்ட் ஈவில் தொடங்கியது. 1992இல் பிரான்சிலிருந்து வந்த அலோன் இன் தி டார்க்கும் இந்த வம்சத்தில் ஒரு பாட்டன்.

பயமாக இருக்கும் என்று தெரிந்தும் காசு கொடுத்து ஏன் உட்காருகிறார்கள்?

பையனைத் தேடி மாடியேறி வரும் அப்பாக்களில் இதைக் கேட்காதவர் இல்லை. ‘த்ரில்லுக்காகத்தான் சார்’ என்று நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருஷம் அந்த மூலையைப் பார்த்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. வெறும் பயத்துக்காக வருகிறவன் பத்து நிமிஷத்தில் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். தங்குகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பயத்துக்கு நடுவில் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார், ஒருவன் காது கொடுத்துக்கொண்டிருப்பான், ஒரு பெண் படித்துக்கொண்டிருப்பாள், இன்னொருவன் பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருப்பான். எல்லாருக்கும் வருவது ஒரே பயம்தான், எடுத்துக்கொண்ட வேலைதான் வேறு.

டென்மார்க்கில் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியாஸ் கிளாசன் குழுவினர், காசு கொடுத்துப் போகும் ஒரு பேய் வீட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2019இல் வந்த ஆய்வில், உள்ளே போனவர்களில் ஒரு கூட்டம் பயத்தை முடிந்தவரை கூட்டிக்கொள்ளப் பார்த்தது. இன்னொரு கூட்டம் முடிந்தவரை அடக்கிக்கொள்ளப் பார்த்தது. வெளியே வந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் கிடைத்த திருப்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். மறு வருஷம் வந்த ஆய்வில் ஆட்களின் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். பயம் ரொம்பக் குறைந்தாலும் சுகம் குறைகிறது, ரொம்பக் கூடினாலும் குறைகிறது, நடுவில் ஓர் இடத்தில்தான் உச்சம் என்று தெரிந்தது. உப்பு மாதிரி. கடையில் சவுண்டைக் கூட்டச் சொல்கிறவனும் குறைக்கச் சொல்கிறவனும் ஒரே இடத்தைத்தான் தேடுகிறார்கள், இரண்டு பக்கத்திலிருந்து.

ஆட்டக்காரர்களில் எத்தனை வகை?

1996இல், அதாவது ரெசிடென்ட் ஈவில் வந்த அதே வருஷம், ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் எழுத்தை மட்டும் வைத்துக் கூட்டமாக ஆடிய கம்ப்யூட்டர் கேம்களைப் பார்த்து நான்கு வகை என்றார்: சாதிக்க வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பேச வருகிறவர்கள், அடுத்தவரை வம்புக்கு இழுக்க வருகிறவர்கள். அப்படிப்பட்ட முதல் கேமைச் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பேய் டிவிக்கு அந்த நாலு டப்பா பொருந்தவில்லை. அதனால் எண்ணிக்கை சொல்லப் போவதில்லை. வந்த ஆட்களைச் சொல்கிறேன்.

சிலர் சுடவே மாட்டேன் என்கிறார்களே, அது என்ன ஆட்டம்?

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் ஞாயிறு மதியம் வருவார். அவர் ஆடுவது ரெசிடென்ட் ஈவில் முதல் பாகத்தின் புது வடிவம். 2002இல் வந்தது, 2015இல் மெருகேற்றி மறுபடியும் விட்டார்கள். ஒரு மாளிகை, உள்ளே நடமாடும் பிணங்கள். கிறிஸ் என்ற ஆளைத் தேர்ந்தெடுத்தால் பையில் 6 இடம், ஜில் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் 8. துப்பாக்கிக்கு ஓர் இடம், தோட்டாவுக்கு ஓர் இடம், சாவிக்கு ஓர் இடம், பச்சிலைக்கு ஓர் இடம். வழியில் ஒரு பொருள் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எதைக் கீழே வைப்பது என்று கவலை வரும். ஆட்டத்தைச் சேமிப்பதற்கே டைப்ரைட்டருக்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும்.

இந்த வடிவத்தில் இன்னொரு கொடுமை உண்டு. சுட்டு வீழ்த்திய ஜோம்பியைத் தலையும் சிதறாமல், உடம்பையும் எரிக்காமல் விட்டால், கொஞ்ச நேரம் கழித்துச் செந்தலையோடு எழுந்து முன்னைவிட வேகமாக ஓடி வரும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும், அதுவும் கொஞ்சம்தான். ஆக, ஒருவனைக் கொல்வது லாபமா நஷ்டமா என்பது பெரிய கணக்கு. எந்த வராந்தாவில் அடிக்கடி நடக்க வேண்டியிருக்கும், எந்த அறைக்கு இனி வரவே வேண்டாம் என்று தெரிந்தால்தான் பதில் வரும்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மண்டி நோட்டை எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்வார். இடது பக்கம் அறைகள், வலது பக்கம் ‘நி’ அல்லது ‘எ’. ‘நி’ என்றால் நிற்கிறான், ‘எ’ என்றால் எரித்தாச்சு. முதல் தடவை அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஞாயிறு, 3 தோட்டாதான் பாக்கி. இரண்டு ஜோம்பிகள் நிற்கும் ஒரு குறுகிய வராந்தா. முதலாவதைத் தன் பக்கம் இழுத்து, அது கையை நீட்டிய நேரம் சுவரோரமாக நழுவி, இரண்டாவது திரும்புவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். ஒரு தோட்டாகூடச் செலவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, வேர்த்த உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, ‘மூணு மிச்சம்’ என்றார். தக்காளி நல்ல விலைக்குப் போன அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

இவர்களை நான் சேமிப்புக்காரர்கள் என்பேன். கடைசியில் வரும் பெரிய எதிரி, அதாவது பாஸ், செத்து விழும்போது பெட்டியில் இருபது மருந்து மிச்சம் இருக்கும். தோற்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த மிச்சம்தான் அவர்கள் சுகமே. ஒரு சின்ன ரகசியம்: ரெசிடென்ட் ஈவில் 4 மாதிரி சில கேம்கள் நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து உள்ளுக்குள் கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை அண்ணனிடம் சொன்னபோது, ‘அப்போ நான் சேர்த்து வெச்சதுக்கு என்ன மதிப்பு?’ என்று கோபித்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த நாலாம் பாகத்தை அவர் தொடவே இல்லை.

துப்பாக்கியே தராத கேமில் என்ன சுகம்?

அது காது உள்ளவர்களுக்கான ஆட்டம். 2010இல் ஸ்வீடனிலிருந்து வந்த அம்னீஷியா, 2013இல் கனடாவிலிருந்து வந்த அவுட்லாஸ்ட் இரண்டும் ஆயுதம் தராதவை. முதலாவதில் விளக்கும் எண்ணெயும். இருட்டிலேயே நின்றால் புத்தி பேதலிக்கும், பேயை உற்றுப் பார்த்தாலும் பேதலிக்கும். இரண்டாவதில் ஒரு வீடியோ கேமரா. இருட்டில் பார்க்க வேண்டுமானால் பேட்டரி கரையும்.

ஆனால் இந்த ரகத்தில் என் ஓட்டு 2014இல் வந்த ஏலியன்: ஐசொலேஷனுக்குத்தான். ஒரு விண்வெளி நிலையம், அதில் உங்களைத் தேடி அலையும் ஒரு பிராணி. அதை உங்களால் கொல்ல முடியாது. தீயைக் காட்டினால் கொஞ்ச நேரம் விலகிப் போகும், அவ்வளவுதான். அதன் நடமாட்டத்தை நடத்துவது இரண்டு மூளை. ஒன்றுக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும், ஆனால் அது பிராணியிடம் ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று மட்டும் சொல்லும். இன்னொன்று பிராணியின் சொந்த மூளை. தன் கண்ணுக்கும் காதுக்கும் பட்டதைத்தான் நம்பும். அதனால்தான் அது சரியாக உங்கள் அறைக்குள் வந்தும், நீங்கள் ஒளிந்திருக்கும் அலமாரியைக் கண்டுபிடிக்காமல் போகிறது. அலமாரிக்குள் மூச்சை அடக்கிக்கொள்ளவும் ஒரு பட்டன் உண்டு.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருவான், இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறான். ராகி கதிர் பிடித்ததும் சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விடுவான், யானைக் காவலுக்கு. பரண்மேல் ஒரு டார்ச், தட்ட ஒரு தகரம், கொஞ்சம் வெடி. டார்ச்சை எந்நேரமும் அடித்தால் விடியும்முன் பேட்டரி போய்விடும், அடிக்காமலே இருந்தால் கொல்லை போய்விடும். அவன் ஏலியன் ஆடுவதைப் பார்த்தால் ஆடுகிற மாதிரியே இருக்காது. ஒரு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சும்மா இருப்பான். மற்ற பையன்கள் ‘போடா, போடா’ என்று கத்துவார்கள். அவன் ஹெட்செட்டை ஒரு காதில் அழுத்திக்கொண்டு கையை மட்டும் உயர்த்துவான். மேலே காற்றுக் குழாயில் அது ஊர்ந்து போகும் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகுதான் ஓர் அடி எடுத்து வைப்பான். யானை இதைவிடப் பயமா என்று ஒருநாள் கேட்டேன். ‘யானை சத்தமே போடாம வந்து நிக்கும்ண்ணா, இதாவது சத்தம் போடுது’ என்றான். அவனுக்கு இந்தக் கேம் ஓய்வு. இதில் கொல்லை பறிபோகாது.

கல்யாண போட்டோ எடுக்கும் நண்பருக்கு என்று ஏதாவது உண்டா?

விளையாட்டாக ஒருவர் கேட்டதுதான், ஆனால் நிஜமாகவே உண்டு. ஃபேட்டல் ஃபிரேம் வரிசை, டெக்மோ 2001இல் ஆரம்பித்தது. பேயை எதிர்க்க ஒரே ஆயுதம் பழைய கேமரா. பேய் கிட்டே வர வர, அது பாய்வதற்கு முந்தின நொடியில் கிளிக் செய்தால்தான் அடி பலமாக விழும். எல்லாக் கேமும் ஓடச் சொல்லும்போது இது நின்று ஃபோகஸ் பண்ணச் சொல்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பாகத்தை 2021இல் பிளேஸ்டேஷனுக்கும் விட்டார்கள். அந்த நண்பரைக் கூட்டி வந்தார்கள். தாலி கட்டும் நொடிக்குக் காத்திருந்து பழகிய கை, முதல் பேயையே கண்ணுக்கு நேராக வாங்கிவிட்டது.

கதைக்காக ஆடுகிறவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் கடைக்குக் குறைவாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தனிமை வேண்டும். நர்ஸிங் படிக்கும் ஒரு தங்கை மட்டும் காலையில் கடை திறந்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால் வந்துவிடுவாள். அவளுக்கு சைலண்ட் ஹில் 2. 2001இல் வந்தது, 2024இல் போலந்தின் ப்ளூபர் டீம் புதிதாகச் செய்து விட்டது. செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்து, அவளைத் தேடிப் பனிமூட்டம் மூடிய ஊருக்குள் நுழையும் ஒருவனின் கதை. அந்த மூட்டத்துக்கே ஒரு கதை உண்டு. 1999இல் முதல் பாகம் வந்தபோது பிளேஸ்டேஷனுக்குத் தூரத்துத் தெருக்களையெல்லாம் வரையும் சக்தி இல்லை. குறையை மூடப் பனியைப் போட்டார்கள். மிருகங்கள் பக்கத்தில் வந்தால் சட்டைப் பையில் இருக்கும் ரேடியோ கரகரக்கும். கண்ணை மறைத்துவிட்டுக் காதுக்குத் தகவல் சொல்கிற அந்தத் தந்திரத்தை இன்றைக்கு வரைக்கும் யாரும் பெரிதாக மிஞ்சிவிடவில்லை என்பது என் கட்சி.

அந்தத் தங்கை எல்லாக் காகிதத்தையும் படிப்பாள். ஆஸ்பத்திரி அறையில் கிடக்கும் டைரி, சுவரில் எழுதிய வரி, எதையும் விடமாட்டாள். புரியாத ஆங்கிலச் சொல்லுக்கு ஃபோனில் அர்த்தம் பார்ப்பாள். அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். காசு வீணாகிறதே என்று ஒருதடவை சொல்லிப் பார்த்தேன், என்னை முறைத்தாள். இந்த வகைக்காரர்களுக்கு அந்தக் கேம் ஒரு பரிசு வைத்திருக்கிறது. முடிவு ஒன்றல்ல, பல. எது வரும் என்பது நீங்கள் அங்கே நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது. காயத்தை ஆற்றாமல் அப்படியே திரிந்தீர்களா, ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன கத்தியை அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்தீர்களா என்றெல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். அவளுக்கு முதல் தடவை வந்த முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மீதிச் சில்லறை வாங்காமலே போய்விட்டாள்.

எனக்கு ஆடப் பிடிக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் பிடிக்கும். அதுவும் கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். அரூரிலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவரில் தம்பிதான் கன்ட்ரோலர் பிடிப்பான். அண்ணன் பின்னால் ஸ்டூலில். ‘இடது பக்கம் பச்சிலை விட்டுட்டடா’, ‘அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டியிருந்துச்சு’ என்று மேப் முழுக்க அவன் தலையில் இருக்கும். ஒருநாள் அண்ணன் வரவில்லை, தம்பி அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டான். பயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை, ‘போரடிக்குதுண்ணா’ என்றான். சரி, நம்புவோம். பார்ப்பவர்களுக்கு நான் காசு வாங்குவதில்லை.

ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெட்டீஸ் 2014இல் அவ்வளவு வேகமாகப் பரவியதே யூட்யூபில் அடுத்தவன் அலறுவதைப் பார்த்துத்தான். பயத்தை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வதில் ஒரு தனி வசதி இருக்கிறது.

நண்பர்களோடு ஆடினால் பயம் போய்விடாதா?

பயம் போகாது, சிரிப்பும் கூடவே சேர்ந்துகொள்ளும். 2020இல் வந்த ஃபாஸ்மோஃபோபியாவில் நாலு பேர் வரை ஒரு வீட்டுக்குள் போய் என்ன பேய் என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் மைக்கில் பேசுவது பேய்க்கும் கேட்கும். 2023இல் வந்த லீதல் கம்பெனியில் நண்பன் தூரம் போகப் போக அவன் குரலும் தேயும். பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நின்றுபோனால் என்ன ஆயிற்று என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் பார்த்ததிலேயே நல்ல பயம் அது. இந்த இரண்டும் கம்ப்யூட்டரில். ஓசூரில் வேலை பார்க்கும் பையன்கள் லீவுக்கு ஊர் வந்தால் இதைத்தான் கேட்பார்கள். அங்கே இருக்கும் கூட்டாளிகளை ஆன்லைனில் சேர்த்துக்கொள்வார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கெட்ட வார்த்தை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

துரத்தப்படுவதைவிடத் துரத்தப் பிடிக்கும் என்றால் 2016இல் வந்த டெட் பை டேலைட் இருக்கிறது. ஒருவர் கொலைகாரர், நாலு பேர் தப்பிக்க வேண்டியவர்கள். கடையிலேயே ரொம்பச் சாதுவாக இருக்கும் ஆள் எப்போதும் கொலைகாரர் பக்கம்தான் கேட்பார். காரணம் நான் விசாரித்ததில்லை.

நிறையச் சுட வேண்டும், கொஞ்சம் பயமும் வேண்டும். எது சரி?

ரெசிடென்ட் ஈவில் 4. முதலில் 2005, புது வடிவம் 2023. கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து, சுடுவதையே மாற்றியது. அப்புறம் டெட் ஸ்பேஸ், 2008. புது வடிவம் 2023. உயிர் எவ்வளவு பாக்கி என்பது நாயகனின் முதுகெலும்பில் விளக்காகத் தெரியும். தலையில் சுட்டுப் பிரயோசனமில்லை, கை கால்களை வெட்ட வேண்டும். இந்த வகை ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2021இல் வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கேமில், ஒரு பொம்மை வீட்டில், உங்கள் ஆயுதங்களையெல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த இடம் வரும்போது நம் துப்பாக்கி வீரர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் டீயை அங்கே கொண்டுபோய்க் குடிப்பேன்.

‘டப்’பென்று முன்னால் வந்து அலறுவது எனக்குப் பிடிக்காது.

பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காது. நல்ல கேம்கள் அதைக் கொஞ்சமாகத்தான் போடும். முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் இடம் பிரபலம். ஆனால் அதன் வேலை அந்த ஒரு நொடி இல்லை, அதற்கப்புறம் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்து நீங்கள் நடையை மெதுவாக்குவதுதான். சவுண்டைக் குறைத்து ஆடுங்கள், ஹெட்செட் வேண்டாம்.

கதை தெரிந்த கேமையே பத்துத் தடவை ஆடுகிறார்களே?

துரியோதனன் சாவான் என்று தெரியாமலா பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறோம்? படுகளத்தன்று மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவத்தைப் பார்க்க ஊரே திரள்கிறது. கதை முழுக்கத் தெரிந்த பிறகுதான் ஆட்டக்காரன் அடவில் கண் போகும்.

இந்தக் கேம்களைச் செய்தவர்களும் இதை எதிர்பார்த்தே செய்தார்கள். 1996 ரெசிடென்ட் ஈவிலை 3 மணி நேரத்துக்குள் முடித்தால், அடுத்த ஆட்டத்துக்குத் தீராத ராக்கெட் லாஞ்சர் பரிசு. 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் லியோனாக ஒருமுறை, கிளேராக ஒருமுறை என்று ஒரே இரவை இரண்டு பக்கமிருந்து ஆடலாம். வெறும் கத்தியோடு முடிக்கிறேன், சேவ் பண்ணாமல் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இவர்களிடம் பயம் மிச்சமில்லை என்று நினைப்பீர்கள். இருக்கிறது, ஜோம்பியிடமிருந்து கடிகாரத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

பழைய பாகங்களில் ஆளைத் திருப்பவே முடியவில்லையே?

மேல்பட்டனை அழுத்தினால் அவர் முகம் இருக்கும் திசையில் போவார், பக்கவாட்டுப் பட்டன் அவரை நின்ற இடத்திலேயே திருப்பும். டிராக்டர் ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு உடனே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம்.

செல்போனில் ஆட ஏதாவது?

கிரானி, 2017. கிழவி வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறீர்கள். தப்பிக்க 5 நாள். எந்தப் பொருள் கீழே விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும், கட்டிலுக்கு அடியில் ஒளியலாம். படம் சுமார்தான். ஆனால் மேலே சொன்ன அத்தனையும், அதாவது காது, மேப், கொஞ்சம் பொருள், ஒளிய இடம் எல்லாமே அதில் இருக்கிறது. பேய் டிவிக்கு வருகிற பாதிப் பேர் அந்தக் கிழவியிடம் அடி வாங்கி வந்தவர்கள்தான்.

என் மகனுக்குப் பத்து வயசு. ஆட விடலாமா?

ரெசிடென்ட் ஈவில் ரகத்துக்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் 18 வயது என்று முத்திரை குத்துகிறார்கள். வெட்டும் ரத்தமும் அதிகம். என் கடையில் சின்னப் பையன்களுக்கு நான் போடுவதில்லை, அவர்கள் அப்பாவே வந்து சொன்னாலும். ஆனால் ஒளிந்து பிடிக்கிற ரகக் கேமை வீட்டில் கேட்டால், அக்கா, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரி தனியாகப் பாத்ரூம் போக மாட்டேன் என்றால் ஒரு மாதம் நிறுத்திவிடுங்கள். அவன் பயந்ததைச் சொல்லி மற்றவர்கள் முன்னால் சிரிக்காதீர்கள், அதுதான் முக்கியம்.

நம்ம ஊர்ப் பேய் ஏன் இந்தக் கேம்களில் இல்லை?

எனக்கும் இந்த ஆதங்கம் உண்டு. தொப்பூர் கணவாயை இரவில் லாரியில் இறங்கியவர்களைக் கேளுங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முனி போகும் நேரத்தில் எந்தத் தெருவில் குறுக்கே போகக் கூடாது என்று ஊருக்கு ஊர் தெரியும். அதுவே ஒரு மேப்தானே? கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் குன்றில் கல் பலகைகளால் கட்டிய பழங்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன, பாண்டவர் வீடு என்பார்கள்.

இதையெல்லாம் வைத்து நம்ம ஊர்க் கேம் ஒன்று செய்தால் சேவ் அறைக்கு, அதாவது எதிரி நுழையாத, ஆட்டத்தைச் சேமிக்கிற இடத்துக்கு, என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது மண்டி அண்ணன்தான் சொன்னார்: நடுகல். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் புலியோடு மோதிச் செத்தவனுக்கும் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். வில்லோடும் வாளோடும் ஒருத்தன் நிற்கிற இடத்துக்குள் எது துரத்தினாலும் வராது. ஒரு கை எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினால் சேவ். எண்ணெய் எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அண்ணனுக்கும் காவல்காரத் தம்பிக்கும் சண்டை. அண்ணன் முழு ஆட்டத்துக்கும் பத்துத் தடவைக்கு மேல் கூடாது என்றார். தம்பி, எண்ணெய் வேண்டுமளவு இருக்கட்டும், ஆனால் விளக்கு வெளிச்சம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றான். இரண்டுமே ஆட வேண்டிய கேம்தான். ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற யாராவது செய்தால் முதல் காப்பி என் கடைக்கு.

முதன்முதலாக எதில் தொடங்குவது?

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர் என்றால் ரெசிடென்ட் ஈவில் 2இன் 2019 வடிவம். கன்ட்ரோல் சுலபம், சேமிக்கும் சுகமும் குறையவில்லை. நாவல் படிக்கிறவர் என்றால் சைலண்ட் ஹில் 2. ராத்திரி சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர் என்றால் ஏலியன், ஆனால் இரண்டாவதாக. கூட்டத்தில் கலகலப்பாக இருப்பவர் தனியாக எதையும் வாங்க வேண்டாம், மூன்று பேரைச் சேர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதிலும் சேராதவர் ஒருநாள் வந்து ஸ்டூலில் உட்காருங்கள், இலவசம்தான்.

நடுவில் கரண்ட் போனால் காசு திரும்பக் கிடைக்குமா?

இன்வெர்ட்டர் பேய் டிவியைப் பத்து நிமிஷம் தாங்கும். அதற்குள் பக்கத்து டைப்ரைட்டருக்கு ஓடிவிடுங்கள். ஓட முடியாவிட்டால் கால் மணி நேரம் கூடுதலாகத் தருவேன். போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒருநாள் மாடியே கும்மென்று இருட்டாகி, இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பையன்கள் பேய்க் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையில் ஒரே ஒரு மை ரிப்பன். டைப்ரைட்டர் இரண்டு அறை தள்ளி. ஏழாவது நிமிஷம் அதற்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நோட்டைப் புரட்டினார், ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘கரண்ட் வந்தாலும் வந்துடும்ல?’ என்றார்.

வரவில்லை. கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தேன்.